முள் நிற்கும் வரை

கையெழுத்துப் போட வேண்டிய தாள் மூன்று நாட்களாகப் பட்டறை மேஜையில், ஒரு கிலோ எடைக்கல்லுக்கு அடியில் கிடந்தது. தராசு பழுதுபார்ப்பவள் அதை ஒரே முறைதான் படித்தாள். அவளுடைய ஆறு வயது மகள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அதனால் திங்கட்கிழமை முதல் பின்கட்டடத்துத் தனி வகுப்பில் உட்கார வேண்டும். பெற்றோருக்குச் சம்மதம் என்று பள்ளிக்கூடத்தார் எழுதி, கீழே கோடு போட்டிருந்தார்கள். அந்த வகுப்புக்குப் போன எந்தப் பிள்ளையும் முன்கட்டடத்துக்குத் திரும்பி வந்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

"குட்டியா பேசலையாம்? தண்ணி ஏன் கீழயே ஓடுதுன்னு நேத்து அரை மணி நேரம் என் காதைத் துளைச்சாளே" என்றான் பேருந்து ஓட்டுநரான கணவன்.

அந்த வீட்டில் பதில்கள் தாமதமாகத்தான் வரும். முன்னறை பட்டறை, பின்னறை வீடு. எடைக்கல்லைத் தட்டில் வைத்ததும் தராசின் முள் அங்கும் இங்கும் அலையும். அது நிற்கும் வரை யாரும் மேஜையைத் தொடக் கூடாது, வாயைத் திறக்கக் கூடாது. அலையும்போது படித்த அளவு பொய்யளவு. குட்டி தவழ்ந்ததும் நடந்ததும் அந்த மேஜையைச் சுற்றித்தான். பட்டறையின் பழக்கம் எப்போது சோற்றுத் தட்டு வரை வந்து உட்கார்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் கேட்பார், மற்றவர் நிதானிப்பார், பிறகு சொல்வார். தன் வீட்டில் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் சோறு ஆறிவிடும் என்று பணிமனையில் சொல்லிச் சிரிப்பான் ஓட்டுநர்.

சனிக்கிழமை காலையில் டப்பா அக்கா வந்தாள். அது குட்டி வைத்த பெயர். பெற்றோர் பிள்ளைகளோடு பேசும் பேச்சு அவர்களுடைய படிப்புக்கு எப்படி உதவுகிறது என்று ஆராய்கிறவள் அவள். அதற்காக அறுபது வீடுகளில், வீட்டுக்கு ஒரு வாரம், பிள்ளையின் சட்டைப்பையில் சின்ன ஒலிப்பதிவு டப்பா ஒன்றை வைத்திருந்தாள். முடிவைச் சொல்ல வந்தவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அறுபது வீடுகளில் உரையாடல் மிகக் குறைவாக இருப்பது இங்கேதான் என்று கணினி சொல்கிறதாம். தான் குறை சொல்ல வரவில்லை என்றும், பேச்சை வளர்க்கச் சில வழிகளைச் சொல்லித்தர முடியும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

தராசுக்காரி எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடம் சொன்னது போதாதென்று இப்போது கணினியும்.

"நாங்க பேசுறோம்" என்றாள் கடைசியில். "பதிவைப் போட்டுக் காட்டு."

முதலில் அவளுடைய குரலே வந்தது. கல்லை எடுத்ததும் முள் ஏன் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது என்று குட்டியைக் கேட்டாள். பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும். டப்பா அக்கா பதிவை முன்னே ஓட்டப் போனாள். தராசுக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு."

மின்விசிறி சுற்றியது. பிறகு குட்டியின் குரல். "அடியில ஸ்பிரிங் இருக்கு. கல்லு அதை இழுத்து வச்சிருக்கு. கல்லு போனதும் தன் வீட்டுக்கு ஓடிடுது. ஆனா ரொம்ப நாள் இழுத்தே வச்சிருந்தா வழி மறந்துடும், இல்லம்மா?"

டப்பா அக்கா அதையே மூன்று முறை போட்டுக் கேட்டாள். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒன்பது நொடி. அவள் முகம் மாறிவிட்டது.

"தப்பு எங்க மேலதான்க்கா. அஞ்சு நொடி அமைதியா இருந்தா பேச்சு முடிஞ்சதுன்னு கணினிக்கு நாங்கதான் சொல்லி வச்சோம். இவ பதிலையெல்லாம் தனியா உளர்றதா எடுத்துக்கிச்சு."

"அலையும்போதே படிச்சிருக்கீங்க" என்றாள் தராசுக்காரி.

ஞாயிறு முழுவதும் டப்பா அக்கா பட்டறை மூலையில் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, கையால் எண்ணினாள். சாயங்காலம் அந்த வீடு கடைசி இடத்தை விட்டு, மேலிருந்து நான்காம் இடத்துக்கு வந்திருந்தது. மற்ற பதிவுகளையும் புரட்டிப் பார்த்தாளாம். இன்னும் ஐந்து பிள்ளைகளின் பதில்கள் அதே விதியால் குப்பைக்குப் போயிருந்தன. அதில் இரண்டு பேர் குட்டியின் வகுப்பு.

திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியையின் அறையில் தராசுக்காரியும் குட்டியும் டப்பா அக்காவும் உட்கார்ந்தார்கள். தலைமை ஆசிரியை கெட்டவரல்ல, களைத்தவர். வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். கேள்வி கேட்டு மூன்று நொடியில் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளை, குறிப்பேட்டில் ஒரு சுழி. ஒவ்வொருவருக்கும் ஒன்பது நொடி நின்றால் பாடத்தை எப்போது முடிப்பது என்று கேட்டார். டப்பா அக்கா தாள்களை நீட்டினாள். இரண்டு வாரம், ஒரே ஒரு வகுப்பில், கேட்டுவிட்டுப் பத்து நொடி காத்திருக்கட்டும், யார் யார் வாய் திறக்கிறார்கள் என்று தானே உட்கார்ந்து எண்ணித் தருவதாகச் சொன்னாள்.

தலைமை ஆசிரியை தாள்களை ஓரமாக வைத்தார். "ஆராய்ச்சி அது பாட்டுக்கு நடக்கட்டும். இப்போதைக்கு நீங்க கையெழுத்தைப் போட்டுடுங்கம்மா."

தராசுக்காரி சம்மதத் தாளை மேஜையில் விரித்தாள். பேனாவும் பக்கத்தில் இருந்தது. அவள் அசையவில்லை.

"நான் கேட்டது புரிஞ்சுதா?"

"இருங்க டீச்சர்" என்றாள் குட்டி, சட்டென்று. "அம்மா இன்னும் யோசிக்கிறாங்க."

தலைமை ஆசிரியை குட்டியைத் திரும்பிப் பார்த்தார். சுவர்க்கடிகாரம் ஓடியது. தராசுக்காரி தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"போட மாட்டேன்ங்க. என் கையெழுத்து இல்லாம நீங்க இவளை நகர்த்த முடியாதுன்னு இந்தத் தாளே சொல்லுது. இவ முன்கட்டடத்துலதான் உட்காருவா. நீங்க கேளுங்க. கேட்டுட்டு, முள் நிக்கிற வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறம் என்ன எழுதணுமோ எழுதுங்க."

இந்தத் தடவை மூன்று பேரும் தலைமை ஆசிரியையின் வாயைப் பார்த்துக் காத்திருந்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"ரெண்டு வாரம்" என்றார்.

டப்பா அக்கா கைப்பேசியைப் பார்த்தாள். பதில் வரப் பதினொரு நொடி. எதற்கும் இருக்கட்டும் என்று குறித்துக்கொண்டாள்.