ஆர்லீன் வீட்டை விழுங்கிய கறுப்புப் பல் காளான்

ஆர்லீன் ஹாஸ்குட்டின் வீட்டைக் காளான் விழுங்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் வாசற்படியில் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. நீலம் பாய்ந்த கறுப்பு. அடியில் மடிப்புகள் இல்லை, பொடிப்பொடியாய்ப் பற்கள். எங்கள் ஆரிகன் கடற்கரையில் ஸ்ப்ரூஸ் மரத்தடிகளில் முளைப்பதுதான். ஊசியிலை, சுள்ளி என்று எது குறுக்கே வந்தாலும் உள்ளே வாங்கிக்கொண்டு வளரும், பிறகு நின்றுவிடும். இது நிற்கவில்லை. மூன்றாம் வருடம் ஜன்னல், ஆறாம் வருடம் கூரை விளிம்பு.

காரணம் ஊருக்கே தெரியும்: அதற்குப் பெயர் வைத்தாகவில்லை. பெயர் இல்லாத காளானுக்கு எங்கே நிற்பதென்று எப்படித் தெரியும்? எங்கள் காளான் சங்கத்தில் பெயர்ச்சீட்டுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். அடையாளம் சொல்லத் தெரிந்தவர்களும் இரண்டே பேர். கம்பளிக்குச் சாயம் போடும் ஆர்லீன், அது உதிர்க்கும் வித்துத்தூள் வெள்ளை, ஆகவே ஃபெல்லோடான் இனம் என்றாள். மரலாரி ஓட்டி ஓய்வுபெற்ற டெல்மர் ரஸ்ட், தூள் பழுப்பு, ஆகவே ஹிட்னெல்லம் இனம் என்றான். அப்படியொரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை.

"காயவச்சா வெந்தய வாசம் வருது, ஃபெல்லோடான்தான், மோந்து பாரேன்," என்றாள் ஆர்லீன்.

"என்னுது நாப்பது வருஷம் டீசல் குடிச்ச மூக்கு. அத நம்பி நான் கையெழுத்துப் போடணுமா?"

அவள் கறுப்புக் கம்பளியில் உதிரவிட்டுக் காட்டிய வெள்ளைத் தூளை, "உன் வீட்டுப் பஞ்சு" என்று ஊதிவிட்டான். அவனோ வெள்ளைத் தாளில் உதிரவிட்டான். வெள்ளையில் வெள்ளை எங்கே தெரியும்? சமையல் மேஜை அழுக்குதான் பழுப்பாகத் தெரிந்தது.

ஒன்பதாம் வருடம் காளான் புகைபோக்கியைத் தொட்டது. சனிக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்யும்படி ஊர் நிர்வாக அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. ஆர்லீன் சாயப் பானைகளை வெளியே அடுக்கினாள். ஸ்போக்கேனில் தங்கை வீட்டுக்குப் போவதாக முடிவு. பானை தூக்க வந்த டெல்மர் கதவைத் தட்டத் துணிவில்லாமல், புதுக் கறுப்பு மழைக்கோட்டோடு கூரைப் பற்களின் அடியில் ஒரு மணி நேரம் நின்றான். அவள் போய்விட்டால் யாரோடு சண்டை போடுவது என்பதுதான் அவனுக்குக் கவலை. அதைப் பிற்பாடு அவனே சொன்னான்.

கதவைத் திறந்த ஆர்லீன், "என்னய்யா, மாவு மில்லுலேர்ந்து வரியா?" என்றாள்.

டெல்மர் தன் தோளைப் பார்த்தான். விரலால் தொட்டான். வெள்ளை. தொப்பியைக் கழற்றினான், அதிலும் வெள்ளை.

"ஒம்பது வருஷமா நான்தான் தப்பா சொல்லிட்டிருந்தேன், ஆர்லீன்."

"தெரியும். கையெழுத்தப் போட்டுட்டு வா, பானையெல்லாம் திரும்ப உள்ள வைக்கணும்."

இரண்டாம் கையெழுத்து விழுந்ததும் காளான் நின்றது. நோட்டீஸ்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கூரை ஒழுகவில்லை என்று எழுதிக்கொண்டு போனார். காளான் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. தபால்காரர் கடிதங்களைப் பற்களுக்கிடையே செருகிவிட்டுப் போகிறார், இருவருக்கும் வருவதை ஒன்றாகவே.