மௌத்துப் பக்கம்

ஹபீப் முஹம்மது மௌத்தாகிவிட்ட சேதியை அவருக்கே முதலில் சொன்னவர் துபாயில் இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர். காலைத் தொழுகை முடித்து, உப்பளத்தில் லாரிக்கு மூட்டை ஏற்றுவதைப் பார்க்கக் கிளம்பிக்கொண்டிருந்த ஹபீப் முஹம்மது, மணி அடித்ததும் தானே போனை எடுத்தார். எதிர்முனையில் ஒரே அழுகை. அழுகைக்கு நடுவே, எப்போது அடக்கம் என்று கேட்டது குரல்.

"யாருப்பா மௌத்து?"

"நம்ம ஹபீப் பாய்ங்க."

"நாந்தாம்பா பேசுறேன்."

லைன் கட்டாகிவிட்டது. செத்தவரே போனில் பேசினால் யார்தான் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள்?

அவர் மனைவி மெஹரூன்னிசா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மகள் ஃபாயிசாவுக்கு மட்டும் விஷயம் உடனே புரிந்துவிட்டது. டீ தவறிக் காலில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

ஃபாயிசா திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருஷம் படிக்கிறாள். மரக்காணத்திலிருந்து வளைகுடா போனவர்களுக்கு ஊர்ச் சேதி போய்ச் சேர நாளாகிறது, அவர்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்று அவளேதான் ஜமாத்தில் போய்ச் சொன்னாள். நிக்காஹ், பிறப்பு, மௌத்து என்று மூன்று பகுதி. ஒரு பெண் பிள்ளை இதெல்லாம் செய்கிறாளே என்று செயலாளருக்கு ஏகப் பெருமை. பக்கம் முடிவதற்குள்ளாகவே அதன் முகவரியைத் துபாய்க்கும் குவைத்துக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்பே பேர் வைத்த கதைதான்.

நேற்று மத்தியானம் ஃபாயிசாவும் அவள் வகுப்புத் தோழி கலைமதியும் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தார்கள். நிக்காஹ் வந்தது, பிறப்பு வந்தது, மௌத்து மட்டும் வரவில்லை. தமிழில் எழுதினால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிகிறதென்று எல்லாவற்றையும் இங்கிலீஷ் எழுத்தில் மாற்றியிருந்தார்கள். அதில் ஏதாவது தவறியதோ என்று பார்த்தார்கள். பிறகு, ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்ததைக் கலைமதி கண்டுபிடித்தாள். அதை மூடியாயிற்று. இப்போது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பேர் வேண்டும்.

கலைமதி பிரம்மதேசத்து விவசாயி வீட்டுப் பெண். ஏதாவது ஒரு பேரை அடித்துப் பாரேன் என்றாள். ஏதாவது ஒரு பேர் என்றால் யார் பேர்? நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் மனுஷனை மௌத்துப் பகுதியில் போட ஃபாயிசாவுக்குக் கை வரவில்லை. ஊரார் வீட்டுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால்? கெட்டது வந்தால் நம் வீட்டோடு போகட்டும் என்று நினைத்தாள். அதோடு, செத்ததாகப் பொய்ச்சேதி வந்தால் ஆயுசு கெட்டி என்று ஊரில் சொல்வார்கள். அத்தாவுக்கு ஆயுசு கெட்டியானால் நல்லதுதானே. 'ஹபீப் முஹம்மது, உப்பு வியாபாரம்' என்று அடித்துப் பட்டனை அழுத்தினாள்.

பக்கத்தைத் திறந்து பார்த்தால் மௌத்துப் பகுதி காலியாகவே இருந்தது. திரும்ப அடித்தாள். காலி. இன்னொரு தரமும் அடித்தாள். அப்போதும் காலி. சரி, இன்னும் எங்கேயோ தப்பு இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

இப்போது ஃபாயிசா துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். கலைமதியை வழியிலிருந்தே போன் பண்ணி வரச் சொன்னாள். சென்டர் நடத்தும் தமிழரசன் வேறொரு கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தார். மௌத்துப் பகுதியில் அத்தாவின் பேர் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று தரம் இருந்தது.

நேற்று உட்கார்ந்த கம்ப்யூட்டர், முதலில் பார்த்த பக்கத்தைத் தன்னிடம் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் அந்தப் பழைய பிரதியையே காட்டியிருக்கிறது. உலகம் முழுவதும் தெரிந்தது இவர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

"ரிஃப்ரெஷ் பண்ணவே இல்லடி நாம. முதல் வருஷத்துப் புள்ளைங்க பண்ற தப்பு," என்றாள் கலைமதி, மெதுவாக.

ஃபாயிசா மூன்று இடத்திலும் பேரை அழித்தாள். இந்தத் தடவை ரிஃப்ரெஷ் பண்ணிப் பார்த்தாள். போய்விட்டது. அவமானம் போகவில்லை.

வீட்டு வாசலில் செருப்புக் கூட்டம். துபாயிலிருந்து ஊரில் பாதி வீடுகளுக்குப் போன் வந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் செத்தவரே டீ கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்து, அவரைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டாள். ஜமாத் செயலாளர் ஃபாயிசாவைப் பார்த்து, படித்த புள்ளை என்று நம்பித்தானே கொடுத்தோம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாலு அடி கொடுத்திருந்தால்கூட ஃபாயிசா தாங்கியிருப்பாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் உள்ளே போய் நின்றாள்.

அத்தா அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆயுசு கெட்டி என்று எல்லாரிடமும் சிரித்தார். ஆனால் கூட்டம் கலைந்த பிறகும் உப்பளத்துக்குப் போகவில்லை. லாரிக்காரன் ஆள் அனுப்பியும் போகவில்லை. போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். மணி அடித்தால் சட்டென்று நிமிர்வார், யாரென்று கேட்பார், பிறகு சாய்ந்துகொள்வார்.

ஃபாயிசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. துபாயில் இருக்கும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் போன் பண்ணியாயிற்று. பண்ணாதது ஒரே ஆள். அவள் அண்ணன் ஹம்தான். வீட்டில் கேட்காமல் கேரளத்துப் பெண்ணை நிக்காஹ் செய்துகொண்டவன். அன்றைக்கு இதே போனில்தான் அத்தா, என் மௌத்துக்குக்கூட வராதே என்று கத்தினார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை.

"லைன் சரியா இருக்குதா பாரும்மா," என்றார் அத்தா.

அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். சரியாகத்தான் இருந்தது. கீழே வைத்ததுமே மணி அடித்தது. துபாய்க்காரர் ஒருவர், ஹம்தானோடு ஒரே லேபர் கேம்ப்பில் தங்கியிருக்கிறவர். தப்பு நடந்துவிட்டதென்று அவள் சொன்னதும் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டார். இறந்தவர் உடல் முன்னால் இல்லாமலே அவருக்காகத் தொழும் காயிப் ஜனாஸா தொழுகையை ராத்திரியே கேம்ப்பில் தொழுதுவிட்டார்களாம்.

"ஹம்தானும் தொழுதாம்மா. கடைசி வரிசைல நின்னான். ஊருக்குப் போன் போடுடான்னு நானே காசு குடுத்தேன். வேணாம்னுட்டு டூட்டிக்குப் போயிட்டான்."

அவள் போனை வைத்தாள். யார் என்று அத்தா கண்ணால் கேட்டார். ஜமாத் ஆளு என்றாள். வராதே என்று சொன்னவரிடம், வரவேண்டாம் என்றே அவனும் முடிவு செய்துவிட்டான் என்று எப்படிச் சொல்வது? தான் அழுத்திய ஒரு பட்டன் இந்த வீட்டில் யாரும் பார்க்கக் கூடாததைத் திறந்து காட்டிவிட்டதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அண்ணன் பாத்திருக்க மாட்டாருத்தா," என்றாள். "சில மெஷின்ல பழைய பக்கமே காட்டும். நேத்து எனக்கே அப்படித்தானே காட்டுச்சு. அவருக்கு உங்க பேரே தெரிஞ்சிருக்காது."

அத்தாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்படியா என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அப்படித்தான் இருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, அவள் பக்கம் திரும்பாமல், சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுப்பதுபோல நின்றார்.

"ஃபாயிசா."

"சொல்லுங்கத்தா."

"அந்தப் பேர எடுத்துடாதம்மா. இன்னும் ரெண்டு நாளு அப்படியே இருக்கட்டும். அவன் பாக்கட்டும்."

பேரை அழித்தாயிற்று. அவன் பார்த்தும் ஆயிற்று.

"சரிங்கத்தா," என்றாள்.