அவள் கட்டுப் போட்ட காயம்

ரத்தப் பரிசோதனையின் முடிவைச் சொல்வதற்கு முன் டாக்டரம்மா நர்ஸைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.  குழந்தைக்குத்தான் ஏதோ என்று அவள் நினைத்துக்கொண்டாள். கல்யாணமாகி ஆறு வருஷத்துக்குப் பிறகு நின்ற கரு, ஐந்தாம் மாதம். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை அவளுக்கு. அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"உங்க ரத்தத்துல சிஃபிலிஸ் இருக்குதும்மா. சந்தேகத்துக்கு ரெண்டாவது தடவையும் பாத்துட்டோம்."

"அது எதனால வருது டாக்டர்? தண்ணியாலயா?"

"தண்ணியில்ல. உடலுறவால வர்றது. மேகநோய்னு சொல்வாங்களே, அது."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அடுத்த மிஷின்காரி தைத்த காலர் தன் கட்டுக்குள் கலந்துவிட்டதைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "அப்ப ரிப்போர்ட் மாறியிருக்கும்."

"மாறல. உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

"லாரி ஓட்டறார். மீன், கறியெல்லாம் போகுமே, அந்தக் குளிர்பெட்டி வண்டி. போனா வர ரெண்டு வாரமாகும்." சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்தது. அவசரமாகச் சொன்னாள். "அவருக்கு அப்படியெல்லாம் இருக்காது டாக்டர். போன வருஷந்தான் அவருக்கு அங்க ஆபரேஷன் ஆச்சு. முன்தோல் இறுக்கமா இருக்குதுன்னு எடுத்துட்டாங்க. இப்ப சுத்தமாத்தான் இருக்காரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "தோலை எடுத்தா ஆம்பளைக்கு ஹெச்.ஐ.வி. வர்ற வாய்ப்பு ஓரளவு குறையும். வேற ஒண்ணு ரெண்டு நோயும் குறையலாம். குறையும்தான், தடுக்காது. சிஃபிலிஸுக்கு அதை நம்பவே முடியாது. ஏற்கனவே நோய் இருக்கிறவர்கிட்டருந்து பொண்டாட்டியை அது காப்பாத்தவும் செய்யாது. அதுக்கு ஆணுறைதான். உங்களுக்கு உள்ளங்கையில, பாதத்துல சிவப்பா பொட்டுப் பொட்டா எதாவது வந்துச்சா?"

"இல்ல."

"சில பேருக்கு ஒண்ணுமே தெரியாது. பயப்படாதீங்க, பென்சிலின் ஊசி போட்டா சரியாயிடும். இப்பவே கண்டுபிடிச்சதால குழந்தையையும் காப்பாத்திடலாம். ஆனா அவரையும் கூட்டிட்டு வரணும்."

முதல் ஊசியை இடுப்பில் போட்டார்கள். வலித்தது. அந்த வலி மட்டும்தான் நிஜம் போலிருந்தது. வெளியே வந்தவள் கம்பெனிக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறினாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வந்ததும், போனதும் தெரியாமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தாள்.

வரும் வழியெல்லாம் அந்த ஆபரேஷன்தான் நினைவில் ஓடியது. அக்கம்பக்கத்தில் குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தாள். கணவன் காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி நடந்தான். பேண்ட் போட முடியாமல் அவளுடைய பழைய நைட்டியில்தான் நாலைந்து நாள் கிடந்தான். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "எனக்கு நீலம் எடுப்பா இல்ல, மஞ்சள் இருந்தா குடு" என்பான். இருவரும் சிரிப்பார்கள். சிரித்தால் தையல் இழுக்கும், சிரிக்க வைக்காதே என்று கெஞ்சுவான். சம்பளத்தை விட்டு லீவு போட்டு, காய்ச்சி ஆறிய நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்து, மருந்து தடவி, அவள்தான் கட்டு மாற்றினாள். பெற்ற தாய்கூடச் செய்யக் கூசுகிற வேலை. அவள் கூசவில்லை.

வீட்டில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான். காலையில்தான் வண்டியை விட்டுவிட்டு வந்திருந்தான்.

"ஏங்க, எந்திரிங்க. எனக்கு சிஃபிலிஸாம்."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவள் டாக்டரிடம் கேட்ட கேள்வியை அவன் கேட்கவில்லை. அது என்ன நோய் என்று கேட்கவேயில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூக்கம் முழுதாகக் கலையாத குரலில், "அதெப்படி, வராதுன்னாங்களே" என்றான்.

"எது வராது?"

அவன் போர்வையை இழுத்து மடிக்கத் தொடங்கினான்.

"எது வராதுன்னாங்க?"

"தோலை எடுத்துட்டா ஒண்ணும் ஒட்டாதுன்னாங்க."

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். அவன் தூக்க வந்தான். கையைத் தட்டிவிட்டாள்.

"இறுக்கமா இருக்குதுன்னு சொன்னீங்க. வலிக்குதுன்னு சொன்னீங்க."

"வலியெல்லாம் இல்ல."

"அப்ப அந்த ஆபரேஷனே அதுக்குத்தானா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்கு எதையும் கொண்டு வந்துடக் கூடாதுன்னுதான் பண்ணிக்கிட்டேன். சத்தியமா."

அவன் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. மழையில் நனையாமல் இருக்க வெளியே போகாமல் இருக்கலாம் என்பதே தோன்றாத மனுஷனோடு ஆறு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள்.

"ஆபரேஷன் பண்ணின டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் குறையும், ஆனா உறை போட்டே ஆகணும்னாரு. நான் குறையும்கிறதோட நிறுத்திக்கிட்டேன்."

"இந்த யோசனையைச் சொன்னது யாரு?"

 அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உன் தம்பி."

அவளுடைய தம்பியும் அதே லாரிக் கம்பெனியில்தான் ஓட்டுகிறான். மாமாவும் மாப்ளயும் ஒன்றாகவே பயணம் போவார்கள். துணைக்கு ஆள் இருக்கிறதே என்று அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள்.

தம்பி வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் போனபோது அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாக்கா. என்ன, மாமா நைட்டியைத் திருப்பிக் குடுத்துட்டாரா?" என்றான். அவள் அவனைத் தாண்டி உள்ளே போனாள். துடைக்கிற துணியோடு அவனும் பின்னால் வந்தான். அவன் மனைவி அடுப்படியில் நின்றாள். ஹோட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் விரிப்புகள் துவைக்கிற பெண், அதிகம் பேசமாட்டாள்.

அவளை வைத்துக்கொண்டே அக்கா கேட்டாள். "உங்க மாமாவுக்கு நீதானே வழி சொல்லிக் குடுத்தே? எனக்கு மேகநோய் வந்திருக்கு. வயித்துப் பிள்ளைக்கும் போயிருக்கலாமாம்."

தம்பியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அக்கா, நான் நல்லதுக்குத்தான் சொன்னேன்" என்று ஆரம்பித்தான். "நானும்தான் கல்யாணத்துக்கு முன்னாடியே பண்ணிக்கிட்டேன். இன்னை வரைக்கும் எனக்கு ஒண்ணும் வரலையே. மாமாவுக்கு எப்படி வந்துச்சுன்னு எனக்கு என்ன தெரியும்?"

தம்பி மனைவி அடுப்பை அணைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கைகளையும் விரித்து நீட்டினாள்.

"அண்ணி, இது அதுவா?"

உள்ளங்கை இரண்டிலும் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது.

"அரிக்கவேயில்லை. சோப்புத்தூள் ஒத்துக்கலைன்னு களிம்பு போட்டுக்கிட்டே இருக்கேன். பாதத்துலயும் இருக்கு. இவருதான் கையுறை போட்டுத் துவைன்னு சொன்னாரு." குரல் ஏறவேயில்லை. புருஷன் பக்கம் திரும்பி, கடையில் விலை கேட்கிற தொனியில் கேட்டாள். "நான் கையுறை போடணும். நீ என்ன போட்டே?"

தம்பி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.  அவன் பிறந்த நாளிலிருந்து அவனை அறிந்த அக்காவுக்கே அவன் முகம் அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் நாலு பேரும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஒரு கோடி, ஆண்கள் ஒரு கோடி. நடுவில் யாரோ ஒரு பெரியவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாலு பேருக்குமே சிஃபிலிஸ் இருந்தது. ஹெச்.ஐ.வி. யாருக்கும் இல்லை, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் ஆண்கள் ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். பெண்கள் அதில் ஏறாமல் நடக்கத் தொடங்கினார்கள்.

அதன்பின் தம்பி மனைவி தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு வந்தாள். அண்ணி, கணவனின் பெட்டியைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததில்லை. ஊரில் கேட்டவர்களுக்கு, பிரசவத்துக்குத் துணையாக வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள். ஆண்கள் இருவரும் லாரிக் கம்பெனியில் தனித்தனி வண்டி கேட்டு வாங்கிக்கொண்டார்கள் என்று சேதி வந்தது. ஒரே வீட்டில் இருந்தும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லையாம்.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, தொடர்ந்து கூட்டி வாருங்கள் என்றார் டாக்டரம்மா. கடைசிச் சோதனையும் நல்லபடியாக வந்த அன்று கணவன் வழியில் எங்கிருந்தோ போன் செய்தான். லாரிகள் இரைகிற சத்தம் கேட்டது.

"என்ன சொன்னாங்க?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

அவன் அழுகிறான் என்று தெரிந்தது. அவள் காத்திருந்தாள்.

"நான் வீட்டுக்கு வரட்டுமா?"

தோளில் கிடந்த குழந்தையை அவள் இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. பிள்ளையைப் பாத்துட்டுப் போங்க."