வெளுத்த ஏலக்காயும் பேட்டரிக் காரும்

மலைமேல் எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரையிடமிருந்து திருப்பதி ஒரு பேட்டரிக் காரை வாங்கி வந்தபோது, போடிநாயக்கனூரில் பாதிப் பேர் அதைத் தொட்டுப் பார்க்கப் போனார்கள். பக்கத்து வீட்டு மொக்கச்சாமி மட்டும் போகவில்லை. தொட்டவனுக்கு ஏதாவது ஆகத்தான் போகிறது, அதைத் தன் வாசலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதில்தான் அவருக்குச் சந்தேகம் வலுத்தது.

பெட்ரோல் கிடையாது, புகை கிடையாது. ஒரு நாள் ஓடினால் மறுநாள் பூராவும் கொட்டகையில் நின்று கரண்டு குடிக்கும். திருப்பதி காலையில் சுவிட்சைத் தட்டுவார். கரண்டைக் காருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க, காரோடு வந்து சுவரில் மாட்டியிருந்த பெரிய கண்ணாடிக் குடுவை நீலமாக நடுங்கி எரியும். வண்டு முரலுவதுபோல ஒரு சத்தம் கேட்கும். சாயங்காலம், கார் நிறைந்துவிட்டது என்பார். எதனால் நிறைந்தது என்று கேட்டால் கம்பியைக் காட்டுவார். கம்பிக்குள் போனதை எவன் கண்டான்?

மொக்கச்சாமி ஒன்றைக் கண்டிருந்தார். அங்கே சுவிட்சைத் தட்டினால் இங்கே அவர் வீட்டு பல்பு மங்கியது. லைன்மேன் ஒச்சப்பனைக் கூட்டிவந்து காட்டினார். ஒச்சப்பன் கம்பத்தில் ஏறி இறங்கி, அவரவருக்குத் தனித்தனி மீட்டர், ஒருத்தர் கரண்டை இன்னொருத்தர் எடுக்க முடியாது, தெருவுக்கே கரண்டு கம்மி, அவ்வளவுதான் என்றான். மொக்கச்சாமி ஏறக்குறைய நம்பிவிட்டார். ஆனால் ஒச்சப்பன் பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பதியின் காரில் ஏறிப் போனதைப் பார்த்ததும் விசாரணையைத் தானே எடுத்துக்கொண்டார்.

அவர் கவலைக்குக் காரணம் பல்பு இல்லை. கொட்டகைக்கு நேர் எதிரே, சந்துக்கு இந்தப் பக்கம், ஏலக்காய் அறை இருந்தது. உள்ளே இருந்தது அவர் மனைவி வேலுத்தாயின் ஏலக்காய். குரங்கணிக்கு மேலே அவளுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த தோட்டத்தில் விளைந்தது. வருஷா வருஷம் அது மொக்கச்சாமியின் காயோடு கலந்து அவர் பேரிலேயே ஏலம் விடுகிற மண்டிக்குப் போகும். நல்ல காய் என்று நாலு பேர் சொன்னால் அவரும் மறுக்காமல் கேட்டுக்கொள்வார். இந்த வருஷம் வேலுத்தாய் விடவில்லை. தன் காய் தனியாக, தன் தோட்டத்துப் பேரில்தான் ஏலத்தில் கூப்பிடப்பட வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஏலக்காய்க்குப் பச்சைதான் மதிப்பு. வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்பது போடியில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் மூட்டைக்குள் கறுப்புத் துணி, எப்போதும் சாத்திய சன்னல். கதவைத் தேவைக்கு மேல் திறந்தவர்களை மொக்கச்சாமியே வைதிருக்கிறார்.

தோட்டத்தில் களையெடுப்பைப் பார்க்க வேலுத்தாய் ஒரு வாரம் குரங்கணிக்குப் போனாள். போகும்போது, "காயப் பத்திரமாப் பாத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்தாள்.

பார்த்துக்கொள்வதென்றால் பார்க்க வேண்டும் அல்லவா? மொக்கச்சாமி சன்னலைத் திறந்தார். கம்பி வழியாகக் கரண்டைக் குடிக்கிற சாமான் காற்று வழியாகக் காயின் சத்தைக் குடிக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? மாற்றம் ஏதும் வந்தால் உடனே தெரியட்டும் என்று, மேலே இருந்த மூட்டைகளின் வாயைப் பிரித்து சன்னலோரம் நகர்த்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கார் கரண்டு குடிக்காத நாளிலும் உட்கார்ந்தார். சும்மா நிற்கிற மிஷின் என்ன திட்டத்தில் நிற்கிறதோ.

வாரம் முடிவதற்குள் காய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அவருக்கு வருத்தமாகவும் இருந்தது, திருப்தியாகவும் இருந்தது. திருப்தி கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. ஒரு கை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குப் போனார்.

திருப்பதி வேலுத்தாய்க்கு அண்ணன் முறை. காயை உருட்டிப் பார்த்துவிட்டு, "கரண்டு காருக்குள்ள போகும் மாப்ளே. காயிக்குள்ள போயி அதுக்கு என்ன சோலி?" என்றார்.

"அதத்தான் மச்சான் நானும் கேக்க வந்தேன். என்ன சோலி?"

திருப்பதி காயைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காரைத் துடைக்கப் போனார். அதையும் மொக்கச்சாமி மனதில் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே வேலுத்தாய் ஜீப்பில் வந்து இறங்கினாள். ஏலக்காய் அறை வாசலுக்குப் போனவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். உள்ளே அப்படி ஒரு வெளிச்சம்.

"சன்னலத் தொறந்தது யாரு?"

மொக்கச்சாமி குடுவை, நீல வெளிச்சம், ஒச்சப்பன் கார் ஏறியது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார்.

"வெயிலு உள்ள வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஆனா அது நம்ம வெயிலு. நாம பொறந்ததுலேருந்து அடிக்கிறதுதான?"

அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. அடியில் கட்டுப் பிரிக்காமல் கிடந்த மூட்டைகளைத் திறந்து பார்த்தாள். பச்சை அப்படியே இருந்தது. அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய்த் திருப்பதி வீட்டில், கொட்டகையை ஒட்டிய சன்னலில்லாத அறையில் அடுக்கிவிட்டாள். பகலெல்லாம் குடுவை எரிந்தது, கார் குடித்தது, காய் பச்சையாகவே இருந்தது. மொக்கச்சாமி தினமும் போய்ப் பார்த்தார். பக்கத்தில் இருப்பதைத் தொடாமல் சந்து தாண்டிக் குடிக்கிற மிஷின் என்றால், துரை எதற்காக அதை விட்டுப் போனான் என்பது இப்போது அவருக்கு விளங்கியது.

மண்டி நாளில் வேலுத்தாய் தன் மூட்டைகளைத் திருப்பதியின் காரிலேயே ஏற்றிக்கொண்டு போனாள். மொக்கச்சாமி வெளுத்த காயை மாட்டு வண்டியில் ஏற்றிப் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

மண்டிக்காரர் சுருளிவேல் பச்சைக் காயை உள்ளங்கையில் பரப்பி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வியாபாரிகள் பக்கம் திரும்பி, "வேலுத்தாய் தோட்டம்" என்று கூப்பிட்டார். வேலுத்தாய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அடுத்து வெளுத்த காய் வந்தது. மொக்கச்சாமி முன்னால் போய், இது காயின் குற்றமில்லை, கரண்டு குடித்துவிட்டது என்று தொடங்கி, குடுவை வரைக்கும் விளக்கினார். சுருளிவேல் பொறுமையாகக் கேட்டார். பெரிய மண்டிக்காரர்கள் பலதையும் கேட்டுப் பழகியவர்கள்.

"சரிண்ணே. கூப்பிட ஒரு பேரு வேணும்ல?"

மொக்கச்சாமி மனைவியைப் பார்த்தார். கலந்து கூப்பிட்ட வருஷங்களில் இந்தச் சங்கடம் வந்ததில்லை.

"அவரு பேரையே கூப்பிடுங்க" என்றாள் வேலுத்தாய். "காவலுக்கு இருந்தது அவருதான்."

சுருளிவேல் சத்தமாகவே கூப்பிட்டார்.