துப்பாக்கி இல்லாமல் வந்தவர்கள்

ராணுவ உடுப்பில் ஒருவன் தன் வீட்டுப் படியேறி வருவதை மோரக் ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் பார்த்தது போலவே அந்தத் தெரு முழுதும் பார்த்தது. கேப் பிரெட்டன் தீவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கி, கம்பெனிக் கடையில் கடன் கொடுப்பதை நிறுத்தியிருந்த 1923 ஜூலை அது. சுரங்க வாயிலில் ராணுவம் கூடாரம் அடித்திருந்தது. அங்கிருந்த இயந்திரத் துப்பாக்கியின் முகம் ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

வந்தவன் தொப்பியைக் கழற்றினான். முப்பது வயதுகூட இருக்காது. காதோரம் அதற்குள் நரைத்திருந்தது.

"லெப்டினன்ட் க்ரைட்டன், மேடம். கேப்டன் லாக்லன் மெக்கின்னன் கிட்ட ரெண்டு வருஷம் இருந்தேன். இந்த ஊருக்கு அனுப்புறாங்கன்னு தெரிஞ்சதுமே உங்களைப் பார்க்கணும்னு நெனச்சேன்."

கதவைச் சாத்தியிருக்கலாம். எதிர்வீட்டு எஃபி துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். ஆனால் அவள் புருஷன் லாக்லன் உலகப் போரில் செத்து ஐந்து வருடமாகப் போகிறது. அவன் எப்படிச் செத்தான் என்று நேரில் பார்த்தவர் யாரும் மோரக்கிடம் பேசியதில்லை. ஒரு தந்தி வந்தது, ஒரு பதக்கம் வந்தது, அவ்வளவுதான்.

"உள்ள வாங்க," என்றாள்.

தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் வைத்தாள். வீட்டில் இருந்த கடைசி மாவு அது. அவன் ரொட்டியைத் தொடவில்லை. ஊரின் நிலைமை அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

லாக்லன் பன்னிரண்டு வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவன். சாதாரணச் சிப்பாயாகப் போய் கேப்டனாக உயர்ந்தான். காயம்பட்ட மூன்று பேரை முள்வேலிக்கு அப்பாலிருந்து ஒவ்வொருவராக இழுத்து வந்ததற்காக அவனுக்கு மிலிட்டரி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள். இதெல்லாம் பத்திரிகையில் வந்ததுதான். க்ரைட்டன் சொன்னது வேறு.

"எப்பவும் குனிஞ்சேதான் நடப்பாரு. பதுங்குகுழில நெட்டையா நின்னவங்க எத்தனையோ பேர் தலைல குண்டு வாங்கிச் செத்தாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல. கேட்டா, மேல பாறை இருக்கிற மாதிரியே இருக்குடாம்பாரு."

மோரக்குக்குச் சிரிப்பு வந்தது. திறந்த வெளியில்கூட அப்படித்தான் நடப்பான். கல்யாணத்தன்று கோயிலுக்குள் வரும்போதும் குனிந்துதான் வந்தான்.

"அந்தக் கடைசி நாள் அன்னிக்குக் கால்வாயைத் தாண்டணும். பாலம் இன்னும் தயாராகல, ஒரு மணி நேரம் பொறுங்கன்னு ரெண்டு தடவை மேல சொல்லி அனுப்பினாரு. முடியாதுன்னுட்டாங்க. பசங்க தயங்கி நின்னாங்க. அப்ப அவர் நிமிர்ந்து நின்னு கைய வீசினாரு, வாங்கன்னு. அவர் முழுசா நிமிர்ந்து நின்னதை அன்னிக்குத்தான் பார்த்தேன்."

குண்டு பட்டதை அவன் சொல்லாமலே அவளுக்குப் புரிந்தது. அவள் வேறொன்று கேட்டாள்.

"தப்பான உத்தரவுன்னு தெரிஞ்சும் போனாரா?"

"உத்தரவு, மேடம்."

"என் தம்பி ரோரி இந்த வேலைநிறுத்தத்துல இருக்கான். நாளைக்கு அவனைச் சுடச் சொன்னா சுடுவீங்களா?"

அவன் கோப்பையைப் பார்த்தான். "அப்படி ஒரு நாள் வராம இருக்கணும்னு தினமும் வேண்டிக்கிறேன்."

"லாக்லனா இருந்தா?"

"அதை என்கிட்ட கேக்காதீங்க."

புறப்படும்போதுதான் வந்த காரியத்தைச் சொன்னான். கூடாரத்தில் லாக்லனுக்குக் கீழே போரிட்டவர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூடாரத்தார் எல்லாரையும் கோயில் திடலில் நிறுத்தி அவன் பேரில் ஒரு மரியாதை செய்ய ஆசைப்பட்டார்கள். மலர்வளையத்தை அவள் கையால் வைக்க வேண்டும்.

மோரக் யோசித்தாள். ஊர்க்காரர்களை நோக்கித் துப்பாக்கி நீட்டியவர்கள் நடுவில் நின்று புருஷனை நினைப்பதா? அதே சமயம், இந்த ஐந்து வருடத்தில் அவனுக்காக யாரும் ஒரு பூகூட வைத்ததில்லை.

"துப்பாக்கி இல்லாம வந்தா சம்மதம். ஒருத்தர் கையிலயும் இருக்கக் கூடாது."

க்ரைட்டன் அவளை உற்றுப் பார்த்தான். "சரி. கூடாரத்துல பூட்டி வச்சு, காவலுக்கு ஒண்ணு ரெண்டு பேரை விட்டுட்டு வர்றோம். வாக்குக் கொடுக்கிறேன்."

அன்று சாயங்காலம் ரோரி வந்தான். பாதிச் சாப்பாட்டில், "பட்டாளத்தானுக்கு டீ போட்டுக் கொடுத்தியாமே. தெருவே சிரிக்குதுக்கா," என்றான்.

"உங்க அத்தானோட கடைசி நிமிஷத்தைப் பார்த்தவன்டா அவன்."

"அத்தான் உசிரோட இருந்தா எங்க பக்கம் நின்னிருப்பாரு."

"தெரியல," என்றாள். அன்று வரை அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். பிறகு, தன்னைப் பற்றித் தம்பி கேவலமாக நினைக்கக் கூடாது என்று, ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவதைச் சொன்னாள். துப்பாக்கி கூடாது என்று தான் நிபந்தனை போட்டதையும் சொன்னாள்.

ரோரியின் கரண்டி நின்றது. "எல்லாருமா வர்றாங்க?"

"பெரும்பாலும். ஒண்ணு ரெண்டு பேர் காவலுக்கு நிப்பாங்களாம்."

அவன் மீனை முள்ளெடுத்துச் சாப்பிட்டு முடித்தான். மலர்வளையத்துக்கு ஃபிர் மரக் கிளை தானே வெட்டித் தருவதாகச் சொன்னான்.

ஞாயிறன்று பட்டாளத்தார் வெறுங்கையோடு வந்தார்கள். வெறும் பையன்களாகத் தெரிந்தார்கள். போருக்குப் போய் வந்த வயதான சுரங்கத் தொழிலாளிகள் சிலர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள். பெண்கள் கொஞ்சம் பேர். இளவட்டம் யாரையும் காணவில்லை. கோபத்தில் வராமல் இருக்கிறார்கள் என்று மோரக் நினைத்துக்கொண்டாள். பாதிரியார் ஜெபம் சொன்னார். அவள் வளையத்தை வைத்தாள். லாக்லனின் பெயரைக் க்ரைட்டன் உரக்கச் சொன்னான். பிறகு எல்லாரும் மௌனமாக நின்றார்கள்.

அந்த மௌனத்தில்தான் அது கேட்டது. கேட்டது என்பதைவிட, நின்றுபோனது. சுரங்கத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தின் அடி, ராத்திரி பகல் பாராமல் அந்த ஊரில் அடித்துக்கொண்டே இருக்கும். பிறந்த குழந்தைகூட அதைக் கேட்டுத்தான் தூங்கும். ஒரு தரம் மெதுவாக அடித்தது. அப்புறம் இல்லை.

க்ரைட்டன் தலையைத் திருப்பினான். முதலில் புகைபோக்கியைப் பார்த்தான். பிறகு மோரக்கைப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பட்டாளத்தார் ஓடினார்கள். ஆனால் வேலை முடிந்திருந்தது. ரோரியும் அவன் கூட்டாளிகளும் காவலில் நின்ற இரண்டு பையன்களைக் கொட்டகையில் தள்ளிப் பூட்டிவிட்டு, இறைக்கும் இயந்திரத்தை ஓட்டும் கொதிகலனின் நெருப்பை வெளியே வாரிக் கொட்டியிருந்தார்கள். அதை ஓட்டக் கம்பெனி கொண்டுவந்த ஆட்கள் வேலியேறி ஓடிவிட்டார்கள். யாருக்கும் காயமில்லை. சுரங்கத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

அன்று மோரக்கின் வீடு கலியாண வீடு போலாயிற்று. சில நாளாக முகம் திருப்பியவர்களெல்லாம் வந்தார்கள். எஃபி தன் பிள்ளைகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த உருளைக்கிழங்கை பாவாடை மடியில் ஏந்திக்கொண்டு வந்து மேசையில் கொட்டினாள்.

"கள்ளி. எங்ககிட்டக்கூடச் சொல்லலயே நீ. துப்பாக்கி வேண்டாம்னு சாமி மாதிரி முகத்தை வச்சிக்கிட்டுக் கேட்டியாமே."

"நான் அதுக்காகக் கேக்கல, எஃபி."

"ஆமாமா, நீ கேக்கல. எவன் வந்து கேட்டாலும் இதையே சொல்லு." எஃபி கண்ணைச் சிமிட்டினாள்.

இருட்டுவதற்குள் ரோரி துணி மூட்டையோடு பின்வாசலில் நின்றான். வடக்கே மீன்பிடிக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிறானாம்.

"உங்க அத்தானோட பேரை வச்சாடா இதைச் செஞ்ச?" மூட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

அவன் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தான். "நீ ஜாடையாச் சொல்றேன்னுதான்க்கா நான் நெனச்சேன். இல்லேன்னா எதுக்கு என்கிட்ட சொன்ன?"

மறுவாரம் ரயில் நிறையப் பட்டாளம் வந்து இறங்கியது, குதிரைகளோடு. மாதம் முடிவதற்குள் வேலைநிறுத்தம் ஒன்றுமில்லாமல் அடங்கியது. மற்றச் சுரங்கத்து ஆட்கள் பழைய கூலிக்கே திரும்பிப் போனார்கள். இந்த ஊர் ஆட்களுக்குத் திரும்பிப் போகச் சுரங்கமே இல்லை. தண்ணீர் கூரைவரை நின்றது. குடும்பம் குடும்பமாகப் பாஸ்டனுக்குக் கிளம்பினார்கள். போகிறவர்கள்கூட மோரக்கைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் போனார்கள்.

க்ரைட்டனை ஹாலிஃபாக்ஸில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் புறப்படும் நாளைக் கேட்டறிந்து மோரக் ரயிலடிக்குப் போனாள். தோளில் பட்டை இல்லாத சாதாரணக் கோட்டில் அவன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான். அந்த மரியாதையை மட்டும் விடவில்லை.

"காவலுக்கு ஒண்ணு ரெண்டு பேர்தான்னு தம்பிகிட்ட சொன்னது நான்தான், ஆனா அவன் இப்படிச் செய்வான்னு தெரியாதுங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். லாக்லனுக்கு முன்னால துப்பாக்கி வேண்டாம்னு தோணிச்சு, அவ்வளவுதான்."

"கேப்டனா இருந்தா ஒரு வளையத்துக்காகக் காவலை விட்டு வந்திருக்க மாட்டார், மேடம். தப்பு என்னோடது. விசாரணையிலயும் உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

"பேருக்காக வரல. நீங்க நம்பணும்."

ரயில் வந்து நின்றது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தவன், திரும்பிக் கேட்டான். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் இருந்தது.

"காவலுக்கு ஒண்ணு ரெண்டு பேர்தான்னு தம்பிகிட்ட சொன்னப்ப, உங்க மனசுல ஒண்ணுமே ஓடலையா?"

இல்லை என்று சொல்லத்தான் மோரக் வாயைத் திறந்தாள். அன்று ரோரியின் கரண்டி நின்றதும், அதைத் தான் பார்த்ததும், பார்த்தும் மேலே சொன்னதும் நினைவுக்கு வந்தன. அந்தச் சொல் வருவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. க்ரைட்டன் வாசலிலேயே நின்று, அவள் பதில் சொல்வாள் என்று, வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.