நாலு டின், நாலு பிடி

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். புதன்கிழமை காலை எட்டரைக்கு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில், அது தப்பு என்று தெரிந்துபோனது.

அது 1984. பொதுச் சுகாதார ஊட்டச்சத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பதற்கில்லை. மற்ற மாணவர்கள் நூலகத்தில் புள்ளிவிவரம் தேடிக்கொண்டிருந்தபோது, நான் போர்ட் கிள்ளானில் கிடங்குத் தொழிலாளர்கள் குடியிருக்கும் ஒரு வரிசையில் நாற்பத்து நான்கு வீடுகள் ஏறி இறங்கினேன். நேற்று என்ன சமைத்தீர்கள், எத்தனை பேர் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதினேன். கிராம் கணக்கு அங்கே செல்லாது. அரிசி அளப்பதெல்லாம் கெட்டிப்பால் தீர்ந்த காலி டின்னில்தான். டின்னுக்கு இருநூற்று எண்பது கிராம் என்று நானே நிறுத்து வைத்துக்கொண்டதில் எனக்கு அப்படியொரு பெருமை. ஒரு வீட்டில் நாலு டின், ஆறு பேர், ஆளுக்கு நூற்று எண்பத்தேழு கிராம். மீனும் ரொட்டியும் சேர்த்தால் பெரிய குறையொன்றும் இல்லை.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இலவசமாகப் பருப்பும் பால்மாவும் கொடுக்க ஒரு குழு இடம் தேடிக்கொண்டிருந்தது. என் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு. அதன்படி அந்த வரிசைக்கு உதவி தேவையில்லை.

அன்று காலை அம்மா மூன்று டின் அரிசியை அளந்து பானையில் போட்டார். பிறகு கையை உள்ளே விட்டு, டின்னுக்கு ஒரு பிடியாக மூன்று பிடி அள்ளி, மூலையிலிருந்த மைலோ டின்னில் போட்டார். பிடியரிசி. மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். இருபத்தாறு வருஷமாகக் கண்ணெதிரே நடப்பதுதான். பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் கணக்கில் எடுத்ததில்லை.

"என்ன பிள்ளை, விறைச்சுப்போய் நிக்கிறாய்?"

"எத்தினை டின் சமைச்சனீங்கள் எண்டு ஆரும் கேட்டா என்ன சொல்லுவீங்கள், அம்மா?"

"மூண்டு. வேறை என்னத்தைச் சொல்லுறது?"

என் மேற்பார்வையாளர் டாக்டர் விநாயகமூர்த்திக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஒரு பிடி அரிசில என்ன வந்திடப் போகுது, குணபூசணி? லிமிடேஷன்ஸ்ல ஒரு பாரா எழுதிடுங்க லா."

"நிறுத்துப் பாத்துட்டு வரேன், டாக்டர். நாப்பத்து நாலு வீடும்."

"வெள்ளிக்கிழமை தவறினா அடுத்த செமஸ்டர்தான்."

சரி என்றேன். ஃபோனை வைத்தேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். தராசைக் கூடையில் வைத்துக்கொண்டு கிள்ளானுக்கு ஒரு பஸ், அங்கிருந்து துறைமுகத்துக்கு இன்னொரு பஸ்.

முதல் வீடு மாரியாயியுடையது. இடுப்பில் ஐந்து மாதக் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"மறுபடியும் என்னா டீச்சர்?"

அரிசி அளந்த பிறகு பிடி எடுத்து வைப்பீர்களா என்று கேட்டேன். தினமும் முகம் கழுவுவாயா என்று கேட்டதைப்போல என்னைப் பார்த்தாள். உள்ளே கூட்டிப்போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். அவள் புருஷனுக்கு நாள் கூலி. கப்பல் வராத நாளில் வேலை கிடையாது, அன்றைக்கு உலையில் விழுவது இந்த அரிசிதான். அதுவும் என் அட்டவணையில் இல்லை.

"நீங்க எத்தன டின்னுன்னு கேட்டீங்க, நான் சொன்னேன். இதயும் கேப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தப்பு என்னோடதுக்கா. நேத்து எடுத்த மாதிரியே இதுல போடுங்க."

டின்னுக்கு ஒன்றாக நாலு பிடி போட்டாள். முள் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. தராசைத் தட்டிவிட்டு மறுபடியும் பார்த்தேன். அதேதான். ஆறு பேர் இருக்கும் வீட்டில் ஓர் ஆளின் பங்கு முழுதாகத் தராசில் கிடந்தது.

"இது யாரோட பங்குக்கா?"

குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அவரு மூட்ட தூக்குறவரு. மாமியாருக்கு வயசாச்சு. புள்ளைங்க மூணு பேரு தட்டுல கை வைக்க முடியுமா? மிச்சம் யாரு லா இருக்கா?" என்று சிரித்தாள். "வடிச்ச கஞ்சி இருக்கும்ல. அது போதும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பால் கொடுக்கும் அந்தப் பெண்ணுக்கு நூற்று எண்பத்தேழு கிராம் என்று எழுதி, அழகாகக் கோடு போட்டு, டைப் அடித்துக் பைண்டிங்கும் போட்டு வைத்திருந்தேன். பையிலிருந்து நோட்டை எடுத்து அவள் பெயருக்கு நேரே இருந்த எண்ணை அடித்தேன்.

மாரியாயி தராசுத் தட்டை டின்னில் கவிழ்த்தாள். தட்டில் ஒட்டியிருந்த இரண்டு அரிசியையும் விரலால் தொட்டு எடுத்து உள்ளே போட்டு மூடினாள். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"நல்லம்மா, உன் டின்ன எடுத்துக்கிட்டு வா. டீச்சர் நிறுக்கணுமாம்."

நான் தராசைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது நல்லம்மாள் டின்னோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அப்பால், வரிசை நெடுக, ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டிருந்தது.