இருபத்து மூன்றாம் எண்

"சார், நீங்க புது சாரா, ஒரு நாள் சாரா?"

"ஒரு பீரியட் சார்" என்றேன். எட்டாம் வகுப்பு சிரித்தது.

கால் மணி நேரத்துக்கு முன்புதான் தலைமையாசிரியை அழைத்திருந்தார். கணக்கு டீச்சருக்குக் காய்ச்சல். "சத்தம் வெளிய கேக்கக் கூடாது தம்பி. வகுப்பை விட்டு நகரவும் கூடாது. போன தடவையே புகார் வந்துச்சு. இன்னொன்னு வந்தா மறுபடி உங்களைக் கூப்பிட முடியாது." எனக்கு இந்த அழைப்புகள் வேண்டும். அழைப்பு வராத நாட்களில் நான் பல் துலக்குவதுகூட இல்லை.

பெயர்களும் முகங்களும் தெரியாது. பதிவேட்டைப் பார்த்துக் குனிந்தபடி எண்களைக் கூப்பிட்டேன். நாற்பத்தொன்று வரை எல்லாவற்றுக்கும் "உள்ளேன் சார்" வந்தது. கையெழுத்துப் போட்டேன். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதிவிட்டுத் திரும்பித் தலைகளை எண்ணினேன். நாற்பது. மறுபடி எண்ணினேன். நாற்பது.

குனிந்துகொண்டு வருகை எடுக்காதே என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். ஐந்து வருடம் ஆசிரியையாக இருந்தவள். ஏழு மாதமாக எதுவும் சொல்வதில்லை.

"எண்ணைச் சொன்னதும் எழுந்து நில்லுங்க" என்றேன், மெதுவாக. நின்றார்கள், உட்கார்ந்தார்கள். இருபத்து மூன்றுக்கு யாரும் எழவில்லை. மூன்றாவது பெஞ்சில் ஒரு பை மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. பக்கத்திலிருந்த பெண் தன் நகத்தைப் பார்த்தாள்.

அருகே போனேன். "எங்கம்மா அவ?"

"மொட்டை மாடி சார்." கிசுகிசுத்தாள். "இன்டர்வெல்ல புறாக்குஞ்சு பாக்கப் போனோம். பெல் அடிச்சதும் நான் ஓடி வந்துட்டேன். வாட்ச்மேன் படிக்கட்டுப் பக்கமாத் தாழ்ப்பாள் போட்டுட்டாரு. மாடிக்குப் போனது தெரிஞ்சா அவங்கப்பாவக் கூப்பிடுவாங்க சார். பீரியட் முடிஞ்சதும் நானே திறந்துடலாம்னு..."

"அவளுக்காக நீதான் குரல் குடுத்தியா?"

தலையாட்டினாள்.

அவளைத் திட்ட வாய் வரவில்லை. நேற்று நூலகத்திலிருந்து ஒருவர் போன் செய்து, மேடம் இருக்காங்களா என்று கேட்டார். "இருக்காங்க, குளிச்சிட்டிருக்காங்க" என்றேன், மாலை போட்ட என் மனைவியின் படத்துக்கு முன்னால் நின்றபடி.

ஜன்னலுக்கு வெளியே மைதானம் வெள்ளையாகக் காய்ந்தது. மாடித் தரை எப்படிக் கொதிக்கும்? இடைவேளை முடிந்து அரை மணியாகிறது. தட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று தட்டாமல் நிற்கிறாளா, தட்ட முடியாமல் கிடக்கிறாளா?

"ஒண்ணாம் நம்பர் ஆரம்பிக்கணும். அவங்கவங்க நம்பரை மட்டும் சொல்லணும். தாழ்ந்த குரல்ல. பக்கத்து வகுப்புக்குக் கேக்கக் கூடாது. முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து."

"எதுக்கு சார்?" என்றான் கடைசி பெஞ்ச்.

"நான் வர்ற வரைக்கும்."

தாழ்வாரத்தின் மறுமுனையில் தலைமையாசிரியை ஒரு வகுப்பின் வாசலில், முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். வகுப்பை ஒட்டியிருந்த படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். கீழே எண்கள் நகர்ந்தன. பத்தொன்பது. இருபது. முதல் மாடி. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

அப்புறம் ஒன்றுமில்லை. இந்த முறை யாரும் அவளுக்காகக் குரல் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியிலேயே வகுப்பு நின்றுபோயிருந்தது. கட்டடமே நின்றுபோனது போல் இருந்தது. கீழிருந்து தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் மட்டும் என் வகுப்பை நோக்கி வந்துகொண்டிருந்தது.

மாடி இரும்புக் கதவின் தாழ்ப்பாள் விரலைச் சுட்டது.

"இருபத்து மூணு" என்றேன்.

கதவுக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு. அதன் நடுவில் இரண்டு சிறிய நிழல்கள். ஒன்று மெல்ல அசைந்தது, சூடு தாங்காமல் காலை மாற்றி வைப்பதுபோல்.